குனா போய் யூரோ வந்தது, மச்சானுக்கும் தெரிந்துவிட்டது

கேள்வி: சார், நான் புதுக்கோட்டைப் பக்கம். 2022 ஜூலையில் க்ரொயேஷியாவுக்கு வந்தேன், ஸ்பிளிட் நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல்காரன். வந்தபோது கைக்கு 6,000 குனா (அப்போது இங்கே இருந்த பழைய நாணயம்). ஆறு மாதத்தில் யூரோ வந்தது, சம்பளம் 796 ஆகிவிட்டது. இப்போது 1,100 யூரோ வாங்குகிறேன், ஆனால் 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. யூரோ வந்து விலையெல்லாம் ஏறியதால்தானே இது? ஏஜென்டுக்குக் கொடுக்க அப்பா வாங்கிய 4 லட்சம் (இரண்டு வட்டி) அப்படியே நிற்கிறது, வட்டி மட்டும் கட்டுகிறோம். அக்கா வீட்டுக்காரரின் லோடு ஆட்டோ தவணைக்கு முன்பு 500 குனா அனுப்பினேன், யூரோ வந்ததும் 100 யூரோ, போன வருடத்திலிருந்து 200. அறை நண்பர் யூரோவுக்கு நிகரான ஏதோ டிஜிட்டல் காசில் போட்டால் மாதம் 3 சதவீதம் வரும் என்கிறார். போடலாமா? பழைய குனா நோட்டு ஒன்றும் ஒரு டப்பா சில்லறையும் இருக்கிறது, செல்லுமா?

பதில்: தம்பி, விலைவாசி மீது பாதிப் பழிதான் நியாயம், அதிலும் யூரோவின் பங்கு கொஞ்சம்தான். அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

2023 ஜனவரி 1 அன்று ஒரு யூரோவுக்கு 7.53450 குனா என்று மாற்றினார்கள். உங்கள் முதலாளி 6,000-ஐ அதால் வகுத்து 796 ஆக்கினார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை என்னவென்றால் சம்பளம் பைசா பிசகாமல் மாறியது, காபிக்கடைப் பலகை அப்படி மாறவில்லை. 10 குனா காபி கணக்குப்படி 1.33 யூரோ, அதைப் பலகையில் 1.50 என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரே ராத்திரியில் 13 சதவீத ஏற்றம். முடிவெட்டு 80 குனா என்றால் 10.62, அது 12 ஆகும். இப்படி நடந்ததால்தான் அரசாங்கமே அந்த ஜனவரியில் கடைக்காரர்களைப் பார்த்து, டிசம்பர் 31 விலைக்குத் திரும்புங்கள் என்று மிரட்டியது. தினமும் கை நீட்டிக் காசு கொடுக்கும் இடங்களில் ஏறியதால் எல்லாமே ஏறிவிட்டதாக மனசுக்குத் தோன்றும். 2002-இல் ஜெர்மனியிலும் இதே கதைதான், மார்க் போய் யூரோ வந்ததும் 'விலையுயர்ந்தது' என்பதற்கான சொல்லையும் யூரோவையும் ஒட்டி 'டொய்ரோ' என்று கிண்டல் செய்தார்கள், அந்த வருடத்தின் சொல்லாகவே அது தேர்வானது. அங்கே அப்போதே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேட்டால் இன்றும் அந்தப் புலம்பலைச் சொல்வார்கள். ஆனால் அந்த வருடம் ஜெர்மனியின் மொத்த விலை ஏற்றம் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

க்ரொயேஷியாவிலும் நாணயம் மாறியதால் மட்டும் ஏறிய விலை மொத்தத்தில் அரை சதவீதத்துக்குள்தான் என்பது மத்திய வங்கிகளின் மதிப்பீடு. நீங்கள் வந்த 2022 கடைசியில், குனா இன்னும் புழக்கத்தில் இருந்தபோதே, விலைவாசி வருடத்துக்கு 13 சதவீத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எரிவாயு, எண்ணெய், கோதுமை எல்லாம் உக்ரைன் போரால் ஏறிய நேரம் அது. அதற்குப் பிறகும் ஏற்றம் அடங்கவில்லை, 2025 ஜனவரியில் ஜனங்கள் ஒரு வெள்ளிக்கிழமை கடைப் பக்கமே போகாமல் எதிர்ப்புக் காட்டியது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். சம்பளம் 304 யூரோ கூடியிருக்கிறது. நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய செலவுச் சீட்டைப் பார்த்தேன். படுக்கை வாடகை 150-இலிருந்து 220, சாப்பாடு 160-இலிருந்து 240. ஆக விலைவாசி தின்றது 150. மச்சானுக்கு அன்று போனது 500 குனா, அதாவது 66 யூரோ. இன்று 200. அது தின்றது 134. இரண்டையும் கூட்டினால் 284, மிச்சம் இருபது டீக்கும் டாப்-அப்புக்கும் போயிருக்கும்.

விலைவாசிக்கு ஈடாகக் கிட்டத்தட்ட இன்னொரு விலைவாசியை நீங்களே வீட்டுக்குள் வளர்த்திருக்கிறீர்கள். 200 என்பது 500-ஐவிடச் சின்ன எண், அதுதான் ஏமாற்றிவிட்டது. அதே 200 யூரோவைக் குனாவில் சொல்லிப் பாருங்கள், 1,500. 2022-இல் மச்சான் உங்களிடம் 1,500 குனா கேட்டிருந்தால் போனை எடுத்திருப்பீர்களா?

இன்னொன்றும் நடந்திருக்கிறது. குனா என்றால் புதுக்கோட்டையில் யாருக்கும் தெரியாது, அதனால் மச்சான் அன்று 'அஞ்சாயிரம் போடு' என்று ரூபாயில்தான் கேட்டிருப்பார். யூரோ எல்லாருக்கும் தெரியும், இன்றைய ரேட்டு என்ன என்று போனில் பார்த்துவிட்டே பேசுவார்கள். 'ஒரு நூறு யூரோ போடு மாப்ளே' என்று கேட்கச் சுலபம், இல்லை என்று சொல்லத்தான் சிரமம். 2023 ஆரம்பத்தில் சுமார் 88 ரூபாயாக இருந்த யூரோ இப்போது 100-ஐத் தாண்டிவிட்டது. அதாவது உங்கள் நூறு இங்கே தானாகவே வளர்ந்தது, நீங்களோ அதை இருநூறாகவும் ஆக்கினீர்கள். அன்று ஐயாயிரத்துச் சொச்சம், இன்று இருபதாயிரத்துக்கு மேல். லோடு ஆட்டோவின் தவணை மட்டும் அந்த வேகத்தில் ஏறியிருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இப்போது அப்பாவின் கடன். நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், மாதம் 8,000 வட்டி. 2022 ஜூலையிலிருந்து நாற்பது மாதத்துக்கு மேல் கட்டியிருக்கிறீர்கள், மூன்றே கால் லட்சம் தாண்டியிருக்கும், அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. மச்சானுக்குப் போகும் அந்த 20,000-ஐ வட்டியோடு சேர்த்து மாதம் 28,000-ஆகக் கட்டினால் பதினேழு மாதத்தில் கடன் முடிந்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் அக்காவுக்குச் சங்கடம் என்பது புரிகிறது. மச்சானுக்கு 5,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு மட்டும், என்று ரூபாயிலேயே சொல்லிவிடுங்கள். யூரோ என்ற வார்த்தையே அந்தப் பேச்சில் வர வேண்டாம். மீதி 15,000 அசலுக்குப் போனாலும் இரண்டு வருடத்துக்குள் முடியும்.

இதில் ஒரு எச்சரிக்கை. வட்டிக்குக் கொடுத்தவருக்கு அசல் கொஞ்சம் கொஞ்சமாக வருவது பிடிக்காது, 'மொத்தமாகக் கொண்டுவா' என்பார். அப்பா ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி, தொகை போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அம்மா நகையை வங்கியில் வைத்து மொத்தமாக அடைத்துவிடுங்கள். நகைக்கடனுக்கு வங்கி வட்டி வருடத்துக்கு 9, 10 சதவீதம்தான், 24-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

அறை நண்பரின் காசு விஷயம். யூரோவுக்கு நிகரான காசு என்றால் அது யூரோவைப் போல அசையாமல் இருக்க வேண்டும், அப்புறம் மாதம் 3 சதவீதம் எங்கிருந்து வரும்? அவரிடமே கேளுங்கள், பதில் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். 24 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு முதலீடு தேடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை.

சம்பளத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே குறைந்தபட்ச ஊதியம் (பிடித்தத்துக்கு முன்) 2023-இல் 700 யூரோ, 2024-இல் 840, 2025-இல் 970, இந்த 2026-இல் 1,050. மூன்று வருடத்தில் 50 சதவீதம். உங்களுக்குக் கைக்கு ஏறியது 38. பிடித்தம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் முதலாளியிடம் பேச அந்த வித்தியாசமே போதும். ஸ்பிளிட்டில் கோடை சீசன் தொடங்கிவிட்டால் அவருக்குக் காது கேட்காது, சமையலுக்கு ஆள் தேடி அலையும் மார்ச், ஏப்ரலில் கேளுங்கள்.

டப்பாவில் உள்ள சில்லறை இனி செல்லாது, நாணயங்களை மாற்றும் கெடு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. நோட்டுக்குக் கெடு இல்லை, க்ரொயேஷிய தேசிய வங்கி எப்போது கொடுத்தாலும் மாற்றித் தரும். 200 குனா நோட்டாக இருந்தால் 26 யூரோ 54 சென்ட் கிடைக்கும். அந்த வங்கி இருக்கும் தலைநகர் சாக்ரெப் பக்கம் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள், மச்சானிடம் சொல்ல வேண்டாம்.