24 வயதில் 6 கறவை மாடு: மிச்சப் பணத்தை எங்கே போடுவது?

வயது 24, கலப்பின மாடு 6, செலவு போக மாதம் 15,000 மிஞ்சுகிறது. இன்னொரு மாடு வாங்கவா, மியூச்சுவல் ஃபண்டா, தங்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஈரோடு பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன்தான். மூன்றுமே கொஞ்சம் பொறுக்கட்டும் என்பேன்.

அந்த 15,000 முழுக்க மிச்சம்தானா? மாடெல்லாம் கறவையில் இருக்கும் மாதத்தை வைத்துச் சொல்கிறீர்களோ என்று சந்தேகம். சினைக்காலம் சுமார் 280 நாள், அதில் கடைசி 2 மாதம் பாலை வற்ற விட்டாக வேண்டும். சினை ஊசி போட வேண்டிய ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாள். அத்தனை நாளும் தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் சொசைட்டி தந்த ஒரு வருடப் பால் பணத்திலிருந்து, அதாவது பட்டுவாடாவிலிருந்து, ஒரு வருடச் செலவைக் கழித்து 12-ஆல் வகுங்கள். அம்மா சாணி அள்ளுவதற்கும் ஒரு கூலி போடுங்கள். வருகிற தொகைதான் உங்கள் மிச்சம்.

கைமாற்றுக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த அளவு லாபத்தை உறுதியாகத் தருகிற ஃபண்டு எதுவும் கிடையாது. நடைமுறைச் செலவுக்குக் கிசான் கிரெடிட் கார்டு மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 ஆகிவிடும்.

அடுத்தது பசுந்தீவனம். என்னைக் கேட்டால் மாட்டுக்காரனுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கோ-5 கம்பு நேப்பியர் புல் போடுங்கள். ஒரு தடவை தண்டுக் கரணை நட்டால் சில வருடங்களுக்கு அறுத்துக்கொண்டே இருக்கலாம். கூடவே ஓரமாக வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனம். புரதம் அதிலேயே கொஞ்சம் கிடைப்பதால் புண்ணாக்குச் செலவு இறங்கும், அந்த லாபம் தினமும் கையில் நிற்கும்.

காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை நோயில் ஏராளமான மாடுகள் செத்தன. மாட்டின் காதில் அடையாள வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கேட்பது பெரும் பாடு. வில்லை கழன்று விழுந்தால் அன்றைக்கே மாட்டிவிடுங்கள். 3 மாதத் தீவனச் செலவு வங்கியில் தனியாக இருக்கட்டும்.

ஏழாவது மாடா? சந்தையில் மடியைப் பார்த்து வாங்கும் மாட்டின் கதை விற்றவனுக்குத்தான் தெரியும். அதைவிட உங்கள் மாட்டுக்கே பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் 10-க்கு 9 கிடேரிக் கன்றுதான். கன்று பிறந்து பால் கறக்க இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும், ஆனால் தாயை நீங்களே கறந்தவர்.

இதற்கெல்லாம் பிறகு ஃபண்டில் மாதம் 2,000, 3,000 போடலாம், 7 வருடம் தொடாமல் இருக்க முடிந்தால். கோமாரி வந்தால் பாலும் குறையும், மாட்டு விலையும் விழும். அதனால் கட்டுத்தரைக்கு வெளியேயும் கொஞ்சம் பணம் வேண்டும். தங்கம் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும். ஆனாலும் அவசரத்துக்கு அரை மணியில் அடகு வைக்க முடிவதால், 2 பவுன் இருப்பதில் தப்பில்லை.

அப்புறம், பால் வருமானம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. இப்போதைய அளவுக்குப் பயமில்லை. மாடு 20 ஆனால் ஆடிட்டரைப் பாருங்கள். பட்டுவாடாச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், லோன் கேட்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.