வரையறுக்கப்பட்ட பதிப்பு வெள்ளி நாணயத் தொகுப்பை மறுவிற்பனை செய்தால் சேகரிப்பாளர்கள் எவ்வளவு கொடுப்பார்கள்?

பெட்டி, சான்றிதழ், வரிசை எண் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, மொத்தமே 10,000 தொகுப்புகள்தான் வெளியாயின, இப்போது விற்றால் வாங்கிய விலையைப் போல் எத்தனை மடங்கு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான தொகுப்புகளுக்கு மடங்கு என்ற பேச்சே இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளியின் அன்றைய விலை, அதன்மேல் கொஞ்சம், அவ்வளவுதான். சிலவற்றுக்கு அந்தக் கொஞ்சமும் கிடைக்காது. மிகச் சிலவற்றுக்கு மட்டும், வெள்ளி என்ன விலை என்றே கேட்காமல் பணம் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். உங்களுடையது இதில் எந்த வகை என்று கண்டுபிடிக்க 10,000 என்ற எண் அநேகமாக உதவாது. பல ஆண்டுகளாக வெள்ளி நாணயங்களை வாங்கியும் விற்றும் வருகிற எனக்கு, அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தால் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

முதலில் எடையைப் பாருங்கள். சான்றிதழில் ஒவ்வொரு நாணயத்தின் எடையும் வெள்ளியின் தூய்மையும் குறிப்பிடப்பட்டிருக்கும். 999 என்றால் ஏறக்குறைய முழு வெள்ளி. 925 என்றால் நூறில் ஏழரைப் பங்கு வேறு உலோகம். எடையைத் தூய்மையால் (999 என்றால் 0.999, 925 என்றால் 0.925) பெருக்கி, கிராம் கணக்கில் வரும் விடையை 31.1035-ஆல் வகுத்தால் எத்தனை ட்ராய் அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். உலகச் சந்தையில் வெள்ளி விலை பேசப்படுவது அந்த அவுன்ஸில்தான். அன்றைய அவுன்ஸ் விலையால் அதைப் பெருக்கினால் வருவதுதான் உங்கள் அடிவிலை. சான்றிதழில் வெள்ளி முலாம் என்று இருந்தால் கணக்குப் போட வேண்டிய வேலையும் இல்லை.

இந்த அடிவிலையைத் தாண்டாத தொகுப்புக்குப் பழைய உதாரணம் மாண்ட்ரியல் ஒலிம்பிக் நாணயங்கள். 1976 போட்டிகளுக்காகக் கனடா 1973 முதல் 1976 வரை ஏழு வரிசைகளில் 28 வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. பதினான்கு 5 டாலர் நாணயங்கள், பதினான்கு 10 டாலர் நாணயங்கள், எல்லாம் 925 வெள்ளி. முழுத் தொகுப்பிலும் 30.35 அவுன்ஸ் தூய வெள்ளி உண்டு. அழகான வேலைப்பாடு, அரசின் வெளியீடு, அரை நூற்றாண்டு வயது, மரப்பெட்டியில் வைத்து விற்றவையும் உண்டு. இத்தனை இருந்தும் இன்று அதை விற்கப் போனால் தராசில் வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். காரணம் எளிது. வேண்டும் என்று நினைத்த அத்தனை பேரும் அப்போதே வாங்கிவிட்டார்கள். பின்னால் வந்து தேடுவோர் குறைவு.

தனியார் பதக்கங்களின் நிலை இன்னும் மோசம். 1964-ல் தொடங்கப்பட்ட பிராங்க்ளின் மிண்ட் போன்ற நிறுவனங்கள் 1970-களில் வெள்ளிப் பதக்கங்களையும் சிறு கட்டிகளையும் தொகுப்பு தொகுப்பாகச் சந்தா முறையில் விற்றன. அங்கே "வரையறுக்கப்பட்டது" என்றால் பல வேளைகளில், குறித்த தேதிக்குள் பணம் கட்டிய அத்தனை பேருக்கும் ஒவ்வொன்று. அதாவது எத்தனை பேர் கேட்டார்களோ அதுவே வரம்பு! 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது அவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அதனால் அரிதாகித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் விலை ஏறவில்லை. பெரும்பாலானவை இன்றும் வெள்ளி விலையை ஒட்டியே கைமாறுகின்றன.

இனி மறுபக்கம். அமெரிக்கா 1986 முதல் ஒரு அவுன்ஸ் சில்வர் ஈகிள் நாணயத்தை வெளியிட்டு வருகிறது. அதன் புரூஃப் நாணயங்களை, அதாவது சேகரிப்பாளர்களுக்கென்றே கண்ணாடிப் பளபளப்புடன் அடிப்பவற்றை, ஆண்டுக்கொன்றாகச் சேர்ப்பவர்கள் பெருங்கூட்டம். 1995-ல் பத்தாம் ஆண்டு நிறைவுக்கென ஒரு தொகுப்பு வந்தது: நான்கு தங்க நாணயங்கள், கூடவே வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையின் டபிள்யூ முத்திரை பொறித்த ஒரு வெள்ளி நாணயம். விலை 999 டாலர். அந்த வெள்ளி நாணயம் தனியாக விற்கப்படவில்லை. வெள்ளி மட்டும் சேர்ப்பவர்கள் எரிச்சலடைந்தார்கள், பலர் வாங்காமல் விட்டார்கள். விற்றது 30,125. வரிசையை முழுமையாக்க நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு நாணயத்தின் முன் வந்து நின்றுதான் ஆக வேண்டும் என்பதால், அது தனியாகவே பல ஆயிரம் டாலருக்குப் போகத் தொடங்கியது. தொகுப்பில் இலவச இணைப்பு மாதிரி வந்த வெள்ளிக் காசு, ஒரு கட்டத்தில் உடன் வந்த தங்கத்தையே விலையில் முந்தியது.

இதே கதை 2019-லும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் எஸ் முத்திரையுடன் மெருகேற்றிய தலைகீழ் புரூஃப் (உருவம் பளபளக்க, பின்புலம் மங்கலாக இருப்பது) சில்வர் ஈகிள் ஒன்று 30,000 என்ற வரம்புடன் வந்தது. விலை 65.95 டாலர், வீட்டுக்கு ஒன்று. அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. சில நாட்களுக்குள் ஆயிரம் டாலர் அளவில் கைமாறியது. 30,000 என்பது சிறிய எண்ணே அல்ல. 5,000 மட்டுமே அடித்த நினைவுப் பதக்கத் தொகுப்பு தராசில் நிற்கும்போது இது மட்டும் ஏன் இப்படி? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வரிசையில் இது ஓர் இடைவெளி. அதை நிரப்பியே தீர வேண்டும் என்ற கூட்டம் நாணயம் பிறக்கும் முன்பே இருந்தது. பதக்கத் தொகுப்போ தனித்தீவு. அதை வாங்காததால் எவருடைய ஆல்பத்திலும் ஓட்டை விழுவதில்லை.

எனவே உங்கள் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி, இது எவருடைய வரிசையில் விடுபட்டுப் போயிருக்கும் என்பதுதான். ஓர் அரசு நாணயச்சாலையின் நீண்ட வரிசையைச் சேர்ந்ததா? அந்தத் தொகுப்பில் மட்டுமே கிடைக்கும் நாணயம் ஏதேனும் உள்ளே இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நம்பிக்கையோடு மேலே படியுங்கள்.

இதற்கு நல்ல மாதிரி 2011-ன் இருபத்தைந்தாம் ஆண்டு சில்வர் ஈகிள் தொகுப்பு. ஐந்து நாணயங்கள், 1,00,000 தொகுப்புகள், விலை 299.95 டாலர். வெள்ளி அன்று அவுன்ஸுக்கு 35 டாலரை ஒட்டி இருந்தது. உள்ளே ஐந்து அவுன்ஸ். விற்பனை தொடங்கிய அக்டோபர் 27 அன்றே ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுவிற்பனையில் விரைவிலேயே விலை இரட்டிப்பைத் தாண்டியது. ஐந்தில் இரண்டு, பிலடெல்பியா நாணயச்சாலையின் பி முத்திரையுள்ள தலைகீழ் புரூஃபும் எஸ் முத்திரையுள்ள புழங்காத நாணயமும், வேறெங்கும் கிடைக்காதவை. வாங்கியவர்கள் கொடுத்த கூடுதல் பணம் பெரும்பாலும் அந்த இரண்டுக்குத்தான்.

இத்தகைய தொகுப்பைப் பிரித்து விற்கலாமா என்ற கேள்வி உடனே எழும். அரிய நாணயத்தை மட்டும் எடுத்துத் தனியாக விற்றால் சில வேளை மொத்தத்தைவிடக் கூடக் கிடைக்கும். மீதி நாணயங்கள் வெள்ளி விலைக்கு உங்களிடமே தங்கும். பெட்டியைக் கலைத்த பிறகு மறுபடி தொகுப்பாக விற்பது கடினம். நானாக இருந்தால் முழுத் தொகுப்பு என்ன விலைக்குப் போயிருக்கிறது, அரிய நாணயம் தனியே என்ன விலைக்குப் போயிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் பெட்டியைத் தொட மாட்டேன்.

அதைப் பார்க்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈபே போன்ற தளங்களில் ஒருவர் கேட்கும் விலை வெறும் ஆசை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிப் பாருங்கள். ஒரே தொகுப்பு மூன்று மடங்கு விலையில் மாதக்கணக்கில் கிடப்பதும், பக்கத்திலேயே அடிவிலைக்கு விற்றுப்போனதும் ஒன்றாகத் தெரியும். பெரிய ஏல நிறுவனங்களும் பழைய ஏல முடிவுகளைத் தளத்தில் வைத்திருக்கின்றன. அங்கே வெளியிடப்படும் தொகையில் வாங்குபவர் கூடுதலாகச் செலுத்தும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் என்பதால், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. இணையச் சந்தையின் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் போகத்தான் உங்கள் கணக்கு. நாணய வணிகரிடம் போனால் அவர் மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும். ஆகவே சேகரிப்பாளர் தரும் விலையை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 925 வெள்ளி என்றால் சுத்திகரிப்புச் செலவைக் கழித்து, வெள்ளி விலைக்கும் கீழே சொல்வது வழக்கம்.

தரச்சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குச் செலவழிக்கச் சொல்லி உங்களுக்கு ஆலோசனைகள் வரும். இதைத் தரும் அமெரிக்க நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் தொடங்கியவை. நாணயத்தை ஆராய்ந்து, 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். இக்காலப் புரூஃப் நாணயங்களில் பெரும்பாலானவை 69 அல்லது 70 பெறுகின்றன. 69 கிடைத்தால் சாதாரண நாணயத்துக்குக் கட்டணமே திரும்பாது. 70-ம் நிலையானதல்ல. முன்பு சொன்ன 1995 நாணயத்தில் 70 பெற்ற ஒன்று 2013-ல் ஏலத்தில் 86,000 டாலரைத் தாண்டிப் போனது. அப்போது 70 பெற்றவை மிகச் சில. அந்த விலையைப் பார்த்து உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் தங்கள் நாணயங்களைச் சோதனைக்கு அனுப்பினார்கள். 70 பெற்றவை பெருகின, விலை அதில் ஒரு சிறு பங்காகச் சரிந்தது. நாணயம் மாறவில்லை, உறைகளின் எண்ணிக்கை மாறியது.

உங்கள் நாணயங்களைத் துடைக்காதீர்கள். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பது இயல்பு. சேகரிப்பாளர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், சிலர் அந்த நிறத்துக்காகவே கூடக் கொடுப்பார்கள். துணியின் கீறலை மன்னிக்க மாட்டார்கள். பால் தெறித்தது போன்ற வெண்புள்ளிகள் வந்திருந்தால் விலை குறையும். அவற்றைச் சேதமில்லாமல் போக்க எளிய வழி இல்லை. மென்மையான பி.வி.சி. உறையில் வைத்திருந்தால் பச்சைப் படலம் படரலாம், காப்ஸ்யூல் எனப்படும் கெட்டியான வட்டப் பிளாஸ்டிக் கூட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெட்டியும் சான்றிதழும் இல்லாவிட்டால் விலை இறங்கும். அவை இருப்பதாலேயே நாணயம் அசல் என்றாகிவிடாது. சீனாவின் பாண்டா வெள்ளி நாணயமும் சில்வர் ஈகிளும் பெட்டியோடும் சான்றிதழோடும் போலியாக வருகின்றன. எடை, விட்டம், தடிமன் மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே பெரும்பாலான போலிகள் மாட்டிக்கொள்ளும். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், மலிவான உலோகத்தில் அதே அளவும் அதே எடையும் எளிதில் ஒன்றாக வராது.

கடைசியாக நேரம். வெள்ளி 2025-ல் பழைய 50 டாலர் உச்சத்தைத் தாண்டியபோது பலரும், தங்கள் தொகுப்பின் விலையும் அதே விகிதத்தில் ஏறும் என்று நினைத்தார்கள். சாதாரணத் தொகுப்புகளில் அப்படி நடப்பதில்லை. வெள்ளி 20 டாலராக இருந்தபோது ஒரு அவுன்ஸ் நாணயம் 45-க்குப் போயிருந்தால், சேகரிப்பாளர் கொடுத்தது 25 கூடுதல். வெள்ளி 50 ஆனதும் அவர் 75 தருவார் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் 55-லேயே தயங்குவார். உலோகம் ஏற ஏற அந்தக் கூடுதல் தேய்ந்து மறைகிறது. ஆகவே உங்கள் பெட்டி மாண்ட்ரியல் வகை என்று மேலே உள்ள கணக்கில் தெரிந்தால், வெள்ளி உச்சத்தில் இருக்கும் நாளில் இரண்டு மூன்று வணிகர்களிடம் விலை கேட்டு, கூடச் சொன்னவரிடம் கொடுத்துவிடுங்கள். 1995 வகை என்றால் வெள்ளி விலையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே நாணயம் அடுத்து ஏலத்துக்கு வரும் தேதியைப் பாருங்கள், அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு உங்களுடையதை இறக்குங்கள்.