ராலிக்கு வாங்கிய பழைய எஸ்டீம்: இன்ஜினைப் பழுது பார்ப்பதா, வேறு போடுவதா?

மலிவாக வாங்கிய 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம் கார், ராலிப் பயிற்சியில் சூடேறி நின்றுவிட்டது, இப்போது வெள்ளைப் புகை விடுகிறது, இன்ஜினைப் பிரிப்பதா மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வண்டியில் இதே அவசரத்தை நானும் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டி 70,000 ரூபாய். கோலார் பக்கம் ஒரு செம்மண் பாதையில் பழகிக்கொண்டிருந்தபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் ஒரு சுற்றுதானே என்று ஓட்டினேன். அல்சூரில் மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உட்புறம் முழுவதும் காப்பி நுரை மாதிரி அப்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம். "முதலில் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்போம் தம்பி" என்றார். ஹெட் என்றால் இன்ஜினின் மேல் பகுதி. எனக்கு ஏது பொறுமை? சிவாஜிநகர் குஜரிக்குப் போனேன். காயலான் கடைக்கு பெங்களூரில் அதுதான் பெயர். கடைக்காரர் ஓர் இன்ஜினைத் தரையில் வைத்தே ஓடவிட்டுக் காட்டினார். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

வாங்கிப் பொருத்தினேன். மூன்றாவது ஓட்டத்தில் முள் மறுபடியும் சிவப்பில். ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே செம்மண் செங்கல்லாகக் காய்ந்து கிடந்தது. இன்ஜினை மாற்றிய நான் அதை ஒருமுறைகூடக் கழுவவில்லை.

ஆகவே முதலில் ரேடியேட்டர், மின்விசிறி, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப். பிறகு சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். இந்த இன்ஜினில் நல்ல சிலிண்டர் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ அளவுக்குக் காட்டும். 12-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட் நடுவில் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வெள்ளைப் புகையைக் கேட்டால் என் சந்தேகமும் அங்கேதான்.

கேஸ்கெட் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பழுது பாருங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு, அதாவது வளைந்த முகத்தைச் சீவிச் சமப்படுத்தி, புது கேஸ்கெட், புது டைமிங் பெல்ட் மாட்டினால் வண்டி ஓடும். பிளாக்கும் அலுமினியம்தான் என்பதால் ஹெட் போல்ட் மரைகள் உரிந்திருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். ரிங் மட்டும் போயிருந்தால், மெக்கானிக்குகள் சொல்லும் 'அரை இன்ஜின்' வேலை. அதுவும் தாங்கக்கூடிய செலவே. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு தட்டுகிறது, பிளாக்கில் விரிசல் விட்டிருக்கிறது என்றால்தான் வேறு இன்ஜின்.

அப்படி வாங்கினால் கார்புரேட்டர் வண்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜினே தேடுங்கள். இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் அதன் கம்ப்யூட்டரும் வயரிங்கும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் வீட்டு வாசலே கதி. இன்ஜின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யிலும் திருத்த வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜின் போடலாமே என்று நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். போட்டால் இன்ஜின் கொள்ளளவுப்படி போட்டி வகுப்பு மாறலாம், எதிரே அனுபவசாலிகள் நிற்பார்கள். முதலில் நேரம்-வேகம்-தூரக் கணக்கில் நடக்கும் டி.எஸ்.டி. ராலிகளில்தானே இறங்கப் போகிறீர்கள்? அங்கே சீக்கிரம் வந்தாலும் அபராதப் புள்ளிதான். கிழட்டு 1.3 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணம் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போகட்டும்.

கடைசியில் அண்ணன் சொன்னபடி என் பழைய இன்ஜினுக்கே ஹெட் வேலை செய்து திரும்ப ஏற்றினோம். குஜரி இன்ஜின் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அம்மா அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்திருக்கிறார். உதிரிக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், கூடையை நகர்த்தச் சொல்கிறேன்.