லாரி இன்ஜின் படுத்துவிட்டால்: பழுதும் வாரண்டியும், கேள்வி-பதில்

கேள்வி: கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடியாக இருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: ஈஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) உள்ள இன்ஜின் என்றால், ஹெட்டில் கை வைக்கும் முன் அந்தப் புகையைக் கூலன்டால் ஆற்றும் ஈஜிஆர் கூலரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேரே புகைவழிக்குள் இறங்கும். வெளியே தடயமே இருக்காது. இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி வைத்துவிட்டு, கூலரின் புகைப் பக்கக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கரி ஈரமாக இருந்தால் ஆள் அகப்பட்டான். அங்கே காய்ந்திருந்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் ஹோஸ் விறைத்து, கூலன்டில் இடைவிடாமல் குமிழி கிளம்பினால் மெக்கானிக் சொன்னது சரிதான்.

வாரண்டிப் புத்தகத்தில் இந்தக் கூலர் இன்ஜின் பிரிவில் வருகிறதா, மாசுக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் காலவரம்பு வேறாக இருக்கக்கூடும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது, அடியில் தட்டும் சத்தம் கேட்டது, இன்ஜின் நின்றுவிட்டது. “ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை, வாரண்டி கிடையாது” என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள்.

பதில்: வாய்மொழியோடு மல்லுக்கட்டாதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள், ஆதாரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் சுருதி இறங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆயிலை வடித்துக் கொட்டும் முன் சுத்தமான புட்டிகளில் இரண்டு மாதிரி எடுத்து சீல் வையுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது உங்கள் கையில். பழைய ஆயில் ஃபில்டரையும் எறிய விடாதீர்கள். தகர உறையை வெட்டி, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கிராங்க், கேம், லைனர் பக்கம் தேடவேண்டும். ஒட்டாத வெள்ளிநிறச் செதில்கள் பெரும்பாலும் பேரிங்கின் மேற்பூச்சு. செம்புநிறம் தெரிந்தால் பேரிங் அடியடுக்குவரை தேய்ந்திருக்கும்.

இன்ஜினைப் பிரிக்கும்போது பேரிங்குகளை இடம் மாறாமல் எண்ணிட்டு அடுக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எல்லாமே சீராகத் தேய்ந்திருந்தால் ஆயில்மீது பழி விழுவதில் நியாயம் உண்டு. ஒன்று மட்டும் கருகி மற்றவை நன்றாக இருந்தால், அந்த ஓர் இடத்துக்கு ஆயில் போகாமல் தடுத்தது எது, பொருத்தியதில் கோளாறா என்று இனி நீங்கள் கேட்கலாம். பில்லில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரக்குறியீடு, ஃபில்டர் எண் எல்லாம் இருக்கவேண்டும். “ஆயில் மாற்றியது” என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு நிற்காது.

விளக்கு எரிந்தபின் எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்பது ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) பதிவாகியிருக்கலாம். அதில் மட்டும் கதை கட்ட வேண்டாம்.

கேள்வி: பட்டறையில் ஃபால்ட் கோடுகளை (ஈசியூ பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகளை) அழித்துவிட்டு “ஓட்டிப் பாருங்கள்” என்கிறார்கள். சரியா?

பதில்: அழிக்கும் முன் எஸ்பிஎன் (பழுது எதில் என்று காட்டுவது), எஃப்எம்ஐ (எந்த வகைப் பழுது என்று காட்டுவது) எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழுது வந்த நொடியில் வேகம், வெப்பம், அழுத்தம் எவ்வளவு என்ற பதிவும் கோடுகளோடு அழிந்துபோகலாம்.

கேள்வி: புகையின் மாசைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றவேண்டிய யூரியா திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டார் டிரைவர். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

பதில்: சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம், சில வண்டிகளில் அப்போதே ஃபீட் பம்ப் ஓடத் தொடங்கும். அந்தத் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணீர். ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டரும் தாங்காது. டேங்கை இறக்கிக் கழுவினால் இப்போதைக்குத் தப்பிக்கலாம். வாரண்டி இதற்கு உதவாது, இன்சூரன்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நீலப்புகை, ஆயில் குடிக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. “தூசி புகுந்து பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, வாரண்டியில் வராது” என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில்.

பதில்: அவர்கள் சொல்லும் காரணம் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆயில் ஆய்வில் சிலிக்கான் ஏறியிருந்தால் தூசிதான் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் தூசி எந்த வழியாக வந்தது? ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எந்த இணைப்பை ஒட்டி மண் படிந்திருக்கிறதோ அதுதான் வாசல். மலிவான ஃபில்டரை நீங்களே வாங்கிப் போட்டிருந்தால் செலவு உங்கள் தலையில். ஹோஸ் உற்பத்தியிலேயே பழுதானது என்றால் அதனால் விளைந்த இன்ஜின் சேதத்துக்கும் சேர்த்துக் கோரலாம். கடைசி சர்வீஸில் அவர்களே ஃபில்டர் மாற்றி கிளாம்பை முடுக்காமல் விட்டிருந்தால், அது வாரண்டி விவகாரமே இல்லை. அவர்கள் செய்த வேலையின் குறை. அந்த சர்வீஸின் ஜாப் கார்டு (செய்த வேலைகளைக் குறித்த சீட்டு) நகலை முதலில் வாங்குங்கள், சண்டையைப் பிறகு தொடங்கலாம்.