கல்மரம், முட்டை, போர்வெல்: நிலவியல் கேள்வி பதில்

ஜிஎஸ்ஐ, அதாவது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, தமிழ்நாட்டில் என்ன செய்கிறது, நமக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தோட்டத்தில் போர் போடணும் சார், பாயிண்ட் பார்க்க வருவாங்களா?
மாட்டார்கள். நிலத்தடி நீர் ஆய்வு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் சமாச்சாரம்.

பெரம்பலூர் பக்கம் எங்கள் ஓடையில் உருண்டைக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டையா?
2020-இல் குன்னத்திலும் இதே பரபரப்புதான். அரியலூர், பெரம்பலூர் பகுதி ஒரு காலத்தில் கடல். செத்த அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரி) போன்ற ஏதாவது ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகினால் இப்படித்தான் உருண்டையாகும். உடைத்துப் பார்க்காதீர்கள்.

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரை கல்மரங்களை வக்ராசுரன் எலும்பு என்பார் தாத்தா. அதை விடுங்கள், அங்கேயே வளர்ந்த காடுதானே அது?
நல்ல கேள்வி. அங்கே வளர்ந்ததல்ல. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள். சிலிக்கா கரைந்த நீர் கட்டைக்குள் ஊறி, செல் செல்லாக இடம் பிடித்ததால்தான் கல்லாகியும் வளையம் கலையவில்லை. வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தால் எண்ணவே தோன்றும். பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூர் கல்மரம் இதைவிட மிகப் பழையது, டைனோசர் காலத்தது. 18 மீட்டர் நீளம், ஜிஎஸ்ஐயின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்குச் சொன்னது. அது கிடப்பதோ கடல் படிவத்தில்! கடலுக்குள் மரம் முளைக்குமா?

(அவரே) சாத்தனூர் சரி. திருவக்கரையில் அத்தனை கனமான மரத்தை ஆறு உருட்டுமா?
உருட்ட வேண்டாம், மிதக்கும். அப்போது அது கல் இல்லையே, கட்டைதானே.

(இன்னொருவர்) நான் போயிருக்கிறேன். காற்றில் சாய்ந்த காடு மாதிரித்தான் இருக்கிறது.
சாய்ந்த காடு என்றால் அடிக்கட்டையாவது நட்டபடி நிற்க வேண்டும். அங்கே எல்லாம் படுத்துக் கிடக்கிறது, கிளையும் இல்லை, வேரும் இல்லை. சுற்றியிருப்பது கடலூர் மணற்கல், அதற்குள் கூழாங்கல். ஆறு ஓடியதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கோத்தகிரியில் மனை வாங்கலாமா? நிலச்சரிவு வரைபடத்தில் பச்சையாக இருக்கிறது.
அது 1:50,000 அளவில் போட்டது. ஒரு சென்டிமீட்டர் என்றால் அரை கிலோமீட்டர். உங்கள் மனை அதில் பேனா முனை அளவுகூட வராது. பச்சை என்று நம்பிப் பின்பக்கச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, தண்ணீர் வடிகிற வழியையும் அடைத்துவிட்டால் மண் உங்கள் சமையலறைக்குத்தான் வரும். வாங்குமுன் நேரில் ஒரு நிலவியலாளரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மழைக்காலத்தில் நீலகிரிக்குத் தனியாக முன்னறிவிப்பு வருகிறது, ஜிஎஸ்ஐ 2024-இல் தொடங்கிய பூசங்கேத் (Bhusanket) என்ற நிலச்சரிவு இணையதளத்தில் பாருங்கள்.

காந்தம் ஒட்டுகிற கறுப்புக் கல், விண்கல்தானே?
எந்த ஊர்? சேலம் என்றால் கஞ்சமலை இரும்புத் தாதாக இருக்கும், அதுவும் ஒட்டும். விண்கல்லுக்கு வெளியே மெல்லிய கருகிய தோல் இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெளிறியிருக்கும். சந்தேகமிருந்தால் ஜிஎஸ்ஐக்கே எழுதுங்கள், விண்கற்கள் அவர்கள் பொறுப்பு. உடைக்காதீர்கள்.

எங்கள் ஊர் ஏரியிலும் ஒரு முட்டை...
மேலே பெரம்பலூர்க்காரருக்குச் சொன்னதையே படியுங்கள்.

இது பெரிசு சார்.
பெரிய உருண்டை.

(திருவக்கரைக்காரர்) ஞாயிற்றுக்கிழமை போய் வேர் தேடப்போகிறேன்.
தாராளமாக. அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். போட்டோ எடுங்கள், தோண்டாதீர்கள், சில்லுகூடப் பையில் போடாதீர்கள். நட்ட அடிமரம் ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், அப்புறம் பேசுவோம்.