சிஎஸ்ஆர் நிதி கேட்டால் ஏன் பதில் வருவதில்லை?

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றம் பதிவு பெற்ற சங்கம். ஆறு ஆண்டுகளாகப் படிப்பகம் நடத்துகிறோம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் உள்ள பெரிய ஆலையிடம் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய) நிதி கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் அந்தக் கம்பெனிக்குக் கடமை உண்டா என்று பாருங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தாலே போதும்; மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. பொது நூலகம் அமைப்பது, சிஎஸ்ஆர் பணிகளைப் பட்டியலிடும் அச்சட்டத்தின் அட்டவணை 7-இல் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்டதில் தவறில்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

‘தங்களால் இயன்ற நன்கொடை’ என்று எழுதிய மனு ஆலையின் எச்.ஆர். மேசையைத் தாண்டாது. முடிவெடுப்பது தலைமை அலுவலகத்து சிஎஸ்ஆர் குழுவும் இயக்குநர் குழுவும். பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். ‘இயன்றது’ என்பதற்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

எனவே ஒரு திட்டமாகக் கேளுங்கள். உதாரணத்துக்கு: இரும்பு அலமாரி 6 (தலா 9,500), மேசை 4 (தலா 7,000), நாற்காலி 24 (தலா 900), ஆக 1,06,600 ரூபாய். இதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 19,188. பலர் இதை விட்டுவிட்டு, பிறகு மன்றக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1,000 புத்தகம், சராசரி 180 ரூபாய் வீதம் 1,80,000. நூலகருக்கு மாதம் 8,000 வீதம் 96,000. மொத்தம் 4,01,788. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று கொட்டேஷன் இணைத்துவிடுங்கள். தினம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு வருகைப் பதிவேட்டின் நகல் போதும். அதை விடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை.

அடுத்தது காகிதங்கள். பணம் மன்றத்தின் கணக்குக்கு வர வேண்டுமானால் வருமான வரித் துறையின் 12ஏ (அறப்பணி அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள், இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவம், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் மூலம் பெறும் பதிவு எண் ஆகியவை வேண்டும். 1.4.2021 முதல் இந்த எண் இல்லாமல் நேரடியாகத் தர முடியாது. படிவத்தில் பட்டயக் கணக்காளர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் இவர்களில் தொழில் நடத்தும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையும், சங்கப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் செய்யும் தாக்கலும் விட்டுப்போயிருந்தால் முதலில் அவற்றை முடியுங்கள். மன்றங்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். கோயில் திருவிழா வசூல், கிரிக்கெட் போட்டி, படிப்பகம் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால் படிப்பகச் செலவு எது என்று காட்ட முடியாது. தனிக் கணக்கு தொடங்குங்கள்.

இந்தப் பதிவுகள் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதென்றால், கம்பெனியே திட்டத்தை நேரடியாக நடத்தி, அலமாரிக் கடைக்கும் பதிப்பகத்துக்கும் பணம் செலுத்தலாம். சிறு தொகைக்கு எங்கள் சிபாரிசு இதுதான். ஆனால் அலமாரி போன்ற சொத்து, சிஎஸ்ஆர் எண் உள்ள பதிவு பெற்ற அமைப்பின் பெயரிலோ பயனாளிகள் பெயரிலோ அரசு சார்ந்த அமைப்பின் பெயரிலோதான் இருக்க வேண்டும். ஊராட்சியின் பெயரில் வாங்க ஊராட்சித் தீர்மானம் கேளுங்கள். கட்டடம் கேட்பதாக இருந்தால் இடம் புறம்போக்கா, பட்டாவா என்பதை முன்பே தெளிவாக்குங்கள். ஆலையின் பழைய நாற்காலிகளைத் தருகிறோம் என்றால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொருளுக்கு மதிப்புப் போட்டு அவர்கள் சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

மனுவை ஜனவரி, பிப்ரவரியில் கொடுங்கள். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான செயல்திட்டம் அப்போதுதான் உருவாகும். சிஎஸ்ஆர் குழு உறுப்பினர் விவரமும் ஒப்புதலான திட்டங்களும் கம்பெனி இணையதளத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

பணம் வந்தபின் பில் எல்லாம் மன்றத்தின் பெயரில் இருக்கட்டும், செயலாளர் பெயரில் வேண்டாம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஆறு அலமாரிக்கு வாங்கிய பணத்தில் நான்கை வாங்கி மீதியில் மின்விசிறி மாட்டினால், நல்ல காரியமே ஆனாலும் அடுத்த தவணை நின்றுவிடும். மாற்றத்துக்கு முன்பே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள்.

‘இரண்டாம் ஆண்டு நூலகர் சம்பளம் எங்கிருந்து?’ என்று நேரில் கேட்பார்கள். சந்தாவா, ஊராட்சியா, அடுத்த தவணையா என்று திட்டத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.