மீனுக்கும் காய்ச்சல் வருமா? மீன் நோயெதிர்ப்பு ஆய்வாளர் பதில் சொல்கிறார்

மீன்களின் நோயெதிர்ப்பையும் தொற்றுநோய்களையும் ஆராய்வதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லையாமே? அப்படியென்றால் வெள்ளணுக்கள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: முக்கியமாகத் தலைச் சிறுநீரகத்திலிருந்து. மீனின் வயிற்றைத் திறந்து நீச்சல் பையை விலக்கிப் பாருங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அதன் முன்பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது. சிறுநீர் பிரிக்கும் வேலை பின்பகுதியுடையது. வெள்ளணுக்களில் ஒரு வகை முதிரும் தைமஸ் சுரப்பி செவுள் அறையின் மேல்பக்கம் இருக்கிறது, மண்ணீரலும் உண்டு. நம்மைப் போல நிணநீர் முடிச்சுகள் கிடையாது. ஆனால் சால்மனின் செவுள்களுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் குவிந்த தனித் திசு ஒன்று இருப்பதை 2008-இல் கண்டுபிடித்தார்கள். கிருமி மிதக்கும் தண்ணீர் ஓயாமல் உரசிச் செல்லும் இடம் அது, காவல் அங்கே இருப்பது நியாயம்தான்.

கேள்வி: மீனுக்குக் காய்ச்சல் வருமா சார்? சும்மா ஒரு சந்தேகம்.

பதில்: மேடம்தான், பரவாயில்லை. இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே இதுதான். மீன் குளிர்ரத்தப் பிராணி, உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளப் பெரும்பாலான மீன்களால் முடியாது. ஆனால் சூடான தண்ணீரைத் தேடிப் போக முடியும். கெண்டை மீன்களைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸை வைத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்றோடொன்று இணைந்த மூன்று அறைகள் கொண்ட தொட்டி, தண்ணீர் முறையே 24, 28, 32 டிகிரி. வைரஸ் தொற்றிய மீன்கள் தாமாகவே 32 டிகிரி அறைக்குப் போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டன. 24 டிகிரியிலேயே அடைத்து வைக்கப்பட்டவை செத்துப்போயின. இதைவிட ஆச்சரியம், அந்த வைரஸிடம் இருக்கும் ஒரு மரபணு, மீன் சூட்டைத் தேடிப் போவதையே தாமதப்படுத்துகிறது. காய்ச்சலுக்குத் தூண்டும் சமிக்ஞைப் புரதத்தை இடைமறித்துப் பிடித்துக்கொள்கிறது. வைரஸ் இவ்வளவு மெனக்கெடுகிறது என்றால், அந்தச் சூடு மீனுக்கு எத்தனை முக்கியம் என்று யோசியுங்கள். ஒரே வெப்பநிலையில் அடைத்து வளர்க்கும்போது இந்த வழியை நாம் மூடிவிடுகிறோம். பண்ணை வடிவமைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: அக்கா, பண்ணையில் லட்சக்கணக்கில் மீன் இருக்குமே, ஒவ்வொன்றுக்குமா தடுப்பூசி போடுவார்கள்?

பதில்: ஆமாம்மா, ஒவ்வொன்றுக்கும்தான். சால்மன் பண்ணைகளில் மீனை மயக்கி, வயிற்றின் நடுக்கோட்டில், இடுப்புத் துடுப்புகளுக்குச் சற்று முன்னால் ஊசியைச் செலுத்துவார்கள். மருந்தின் அளவு 0.1 மில்லிலிட்டர் அல்லது அதைவிடக் குறைவு. கையாலும் போடுவார்கள், இயந்திரங்களும் வந்துவிட்டன. சின்னக் குஞ்சுகளைத் தடுப்பு மருந்து கலந்த நீரில் சில நொடிகள் முக்கி எடுப்பது இன்னொரு முறை.

ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. இங்கேயும் தண்ணீரின் சூடுதான் தீர்மானிக்கிறது. அதனால் நாங்கள் வெறும் நாட்களை எண்ணாமல், நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கி 'டிகிரி நாள்' என்று கணக்கிடுவோம். 400 டிகிரி நாள் தேவை என்றால், 10 டிகிரி நீரில் 40 நாள், 16 டிகிரி நீரில் 25 நாள். அதற்கு முன்பே மீனைக் கடலில் விட்டால் போட்ட ஊசி வீண்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்தால் வேலை சுலபமாக முடியாதா?

பதில்: நார்வேயைப் பாருங்கள். 1987-இல் அங்கே மீன் வளர்ப்புக்குச் செலவான ஆன்டிபயாடிக் சுமார் 50 டன். பாக்டீரியா நோய்களுக்கு நல்ல தடுப்பூசிகள் வந்ததும் அது மளமளவென்று சரிந்தது. சமீப ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் குறைவு. இத்தனைக்கும் சால்மன் உற்பத்தி இப்போது ஆண்டுக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. மருந்தைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டே இருந்தால் அதற்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எப்படியும் வேலை செய்யாது.

கேள்வி: என் தொட்டி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி. மருந்து போட்டும் போகவில்லை.

பதில்: வெள்ளைப்புள்ளி ஓர் ஒட்டுண்ணியால் வரும் நோய். அது தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது வெளியே வந்து, பெருகி, நீந்தி அடுத்த மீனைத் தேடும் கட்டத்தில்தான் சாகும். வெதுவெதுப்பான நீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மீன் நோய் மனிதருக்குத் தொற்றுமா?

பதில்: மிகச் சில. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம், கையில் காயத்தோடு தொட்டியைக் கழுவினால் தோலில் ஆறாத கட்டியை உண்டாக்கலாம். கையுறை போடுங்கள். கட்டி வந்தால் மீன் தொட்டி விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காசநோயைப் புரிந்துகொள்ளவும் இதே கிருமிதான் உதவுகிறது. ஜீப்ரா மீனின் குஞ்சு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதற்கு இந்தக் கிருமியைத் தொற்றவைத்து, வெள்ளணு கிருமியை விழுங்குவதைக் குஞ்சு உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

கேள்வி: இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர ஆசை. எது கஷ்டம் மேடம்?

பதில்: கருவிப் பொருள்கள். எலியில் வேலை செய்பவருக்கு எந்த அணுவை அடையாளம் காணவும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதம், கடையில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மீனில் ஒட்டாது, ட்ரவுட் மீனுக்குச் செய்தது கெண்டைக்கு ஆகாமல் போகும். மீனின் சிவப்பணுவுக்குள் உட்கரு இருப்பதால், மனித ரத்தத்தை எண்ணும் இயந்திரம் அதை வெள்ளணு என்று எண்ணிவிடும். சாம்பிளோடு நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் உட்காரத் தயாராக இருந்தால் வாருங்கள். பாடப்புத்தகம் சொல்வதை நம்பி மட்டும் வராதீர்கள். ஆன்டிபாடி உருவாக அவசியம் என்று எல்லோரும் நம்பிய எம்எச்சி இரண்டாம் வகை மரபணுக்கள் அட்லாண்டிக் காட் மீனில் இல்லவே இல்லை என்று 2011-இல் தெரியவந்தது. அந்த மீன் கடலில் நன்றாகத்தான் வாழ்கிறது.

கேள்வி: அடுத்து எதற்குத் தீர்வு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பதில்: தீவனத்தோடு கொடுக்கும் தடுப்பு மருந்து. 1942-இலேயே ட்ரவுட் மீன்களுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பாதுகாப்புக் கிடைத்ததாக டஃப் என்பவர் எழுதியிருக்கிறார். இன்றும் அது ஊசி அளவுக்கு நம்பகமாகவில்லை. மருந்து குடலின் பின்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும், ஆனால் வயிற்று அமிலம் வழியிலேயே சிதைத்துவிடுகிறது. குடலைக் காப்பதற்கென்றே ஐஜி-டி (IgT) என்ற தனி ஆன்டிபாடி மீனிடம் இருப்பது 2010-இல் உறுதியானது. ஆகவே இப்போது குடலில் எதை அளக்க வேண்டும் என்றாவது தெரியும். மருந்தை அமிலம் தாண்டிக் கொண்டுபோகும் உறையை யார் மலிவாகச் செய்கிறார்களோ, ஊசி போட முடியாத அளவு சின்ன மீன்களுக்கும் அவர்களால் தடுப்பு மருந்து கொடுக்க முடியும்.